தில்லியில் புதுக்கலை பார்க்கக் கிளம்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குளிர்காலம் வந்தால் தில்லியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து ஞாயிறு காலையில் சுவரோவியம், சிற்பம், புகைப்படம் என்று பார்க்கக் கிளம்புகிறோம். ஆர்.கே.புரம், கரோல் பாக், ஜனக்புரி, மயூர் விஹார் என நாலா பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர், கல்லூரி மாணவர்கள், ரிட்டயரான பெரியவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

முதல்முறை வருகிறோம். எங்கே தொடங்கலாம்?

லோதி காலனியில். மெட்ரோ யெல்லோ லைனில் ஜோர் பாக் ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். டிக்கெட் கிடையாது. வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசிக் காலத்தில், 1940களில், அரசு ஊழியர்களுக்காகக் கட்டிய குவார்ட்டர்ஸ் இது. உயரமான வளைவு வாசல்களும், தெருவைப் பார்த்து நிற்கும் பெரிய பெரிய சுவர்களும் இதன் அடையாளம். ஸ்டார்ட் இந்தியா என்ற அறக்கட்டளை 2015 வாக்கில் ஓவியர்களை அழைத்து இந்தச் சுவர்களில் வரையச் சொன்னது. கன்னா மார்க்கெட்டுக்கும் மெஹர்சந்த் மார்க்கெட்டுக்கும் நடுவே இன்று 50க்கும் மேற்பட்ட சுவர்களில் ஓவியம் இருக்கிறது. வரைந்தவர்களில் நம்மவர்களும் உண்டு, வெளிநாட்டவரும் உண்டு.

அந்தச் சுவர்களுக்குப் பின்னால் குடும்பங்கள் வசிக்கின்றன. கொடியில் துணி காயும், பாட்டிகள் வெயில் காய்வார்கள். ஜன்னலுக்குள் கேமராவை நீட்ட வேண்டாம். வளைவுக்குள் நுழைய வேண்டுமானால் அங்கே இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நுழையுங்கள்.

"எல்லாமே அழகாத்தான் இருக்கு. இதுல எது நல்லது, எது சும்மான்னு எப்படித் தெரியும்?"

நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன். இதைப் பெயர்த்தெடுத்து வேறிடத்தில் வைத்தால், அல்லது வேறு பொருளில் செய்தால், ஏதாவது போய்விடுமா? ஒன்றும் போகாது என்றால் அது அலங்காரம். அலங்காரத்தில் குற்றமில்லை, கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தால் அதுவும் நல்லதுதான். ஆனால் மாற்றியதும் உயிரே போய்விடுகிறது என்றால் அங்கே ஒரு புது யோசனை இருக்கிறது என்று அர்த்தம்.

லோதி காலனியிலேயே பல சுவர்கள் இந்தக் கேள்விக்கு நிற்பதில்லை. பிரமாண்டமான பறவை, பிரமாண்டமான முகம், பளிச்சென்ற நிறம். அதே படத்தை ஒரு ஷாப்பிங் மால் சுவரில் போட்டாலும் அதேதான். அளவு பெரிதாக இருப்பதாலேயே ஒன்றை மதிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தராதீர்கள். சில சுவர்களைத் தாண்டி நடந்துபோவதும் பார்வையாளருக்கு உள்ள உரிமை.

அப்படி நிற்கிற சுவர் ஒன்றைச் சொல்லுங்கள்.

டாக்கு 2016இல் செய்த நிழல் சுவர். தன் முகத்தையும் இயற்பெயரையும் வெளியில் காட்டாமல் இயங்கும் கலைஞர் இவர். தூரிகைக்கு இங்கே அதிக வேலையில்லை. ஆங்கில எழுத்துகள் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நேரே நின்று பார்த்தால் அவற்றின் விளிம்பு மட்டும்தான் தெரியும், படிக்க முடியாது. வெயில் மேலிருந்து இறங்கும்போது அந்த எழுத்துகளின் நிழல் சுவரில் விழுந்து சொற்களாகிறது. நேரம் போகப்போகச் சொற்கள் சாய்கின்றன, நீள்கின்றன. வெயில் விலகியதும் சுவர் மறுபடி வெறுமையாகிவிடுகிறது. காலம் எல்லாவற்றையும் மாற்றும் என்பதுதான் படைப்பின் தலைப்பு.

இதை ஒரு கண்காட்சி அரங்கில் விளக்குக்குக் கீழே மாட்டினால் நிழல் அசையாமல் நிற்கும், அவ்வளவுதான் கதை முடிந்தது. இந்த ஊரின் வெயில்தான் பாதி வேலையைச் செய்கிறது. மூடுபனி நாளில் வந்து "ஒண்ணுமே தெரியலியே" என்று திரும்பிப்போனவர்கள் உண்டு. அவர்களும் படைப்பைப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள் என்பேன்.

பிள்ளைகளை வைத்து வீட்டில் இதைச் செய்ய முடியுமா?

தாராளமாக. தெற்குப் பார்த்த பால்கனிச் சுவர் ஒன்று வேண்டும், கெட்டி அட்டை வேண்டும். 10 செ.மீ. உயரத்துக்கு எழுத்துகளை வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எழுத்தையும் ஒரு சின்ன அலமாரித் தட்டு மாதிரி, தரைக்கு இணையாக, சுவரில் பொருத்துங்கள். எழுத்தின் தலை சுவரில் ஒட்டியிருக்க வேண்டும், கால் நம்மைப் பார்த்து நீண்டிருக்க வேண்டும். தலைகீழாக ஒட்டினால் நிழலும் தலைகீழாகத்தான் விழும்.

தமிழில் செய்யும்போது ஒரு சிக்கல் வரும். மெய்யெழுத்தின் புள்ளி அந்தரத்தில் நிற்காது. அதை எழுத்தோடு பிணைக்க ஒரு காம்பு வைத்தால் நிழலிலும் காம்பு விழுந்து எழுத்தைக் கெடுக்கும். அதனால் புள்ளி இல்லாத சொல்லாகத் தேர்ந்தெடுங்கள். வளைவு குறைந்த எழுத்தாக இருந்தால் வெட்டவும் சுலபம். 'படி' என்ற சொல் நன்றாக வருகிறது: ப, ட இரண்டுமே நேர்க்கோடுகள்.

இனி கணக்கு. நிழல் விழுவது தரையில் இல்லை, சுவரில்; அதனால் சூரியன் உயர உயர நிழல் நீளும். தில்லி இருப்பது சுமார் 28.6 பாகை வட அட்சரேகையில். டிசம்பர் 21 நடுப்பகலில் சூரியன் தொடுவானத்திலிருந்து 38 பாகை உயரத்தில் நிற்கும். அப்போது 10 செ.மீ. எழுத்தின் நிழல் 8 செ.மீ. குட்டையாக, குண்டாக விழும். மார்ச் 21இல் உயரம் 61 பாகை, நிழல் 18 செ.மீ. ஜூன் 21இல் ஏறக்குறைய 85 பாகை. அன்றைக்கு நிழல் ஒரு மீட்டருக்கு மேல் இழுபட்டு, என்ன எழுத்து என்றே தெரியாமல் போகும். எழுத்தும் நிழலும் ஒரே அளவில் இருக்கச் சூரியன் சரியாக 45 பாகையில் நிற்க வேண்டும். தில்லியில் அது பிப்ரவரி முதல் வாரத்திலும் நவம்பர் முதல் வாரத்திலும் நடக்கிறது. சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தின் 12 மணிக்கு என்று நினைக்காதீர்கள். பிப்ரவரித் தொடக்கத்தில் 12:35 வாக்கிலும் நவம்பர்த் தொடக்கத்தில் 12:05 வாக்கிலும் வருகிறது.

அட்டையை வருஷம் முழுக்க விட்டுவைத்து மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று போட்டோ எடுத்தால் பன்னிரண்டு படங்களில் பூமியின் சாய்வு தெரியும். எட்டாம் வகுப்புப் பாடத்தையும் கலையையும் இவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. சென்னையில் இருக்கும் அத்தை வீட்டில் இதைச் செய்தால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நடுப்பகலில் தெற்குச் சுவரில் வெயிலே விழாது. சூரியன் அங்கே வடக்குப் பக்கம் போய்விடும்.

"எவர்சில்வர் பாத்திரத்தை அடுக்கி வச்சா அது சிற்பமா? எங்க வீட்டு லாஃப்ட்ல நிறைய இருக்கே!"

இருக்கட்டும், அதற்கும் வருகிறேன். முதலில் சிற்பி சுபோத் குப்தா. பிகாரில் 1964இல் பிறந்து தில்லிப் பக்கம் வந்து வேலை செய்பவர். 2006இல் பாத்திரங்களைக் கொண்டே ஒரு பிரமாண்ட மண்டையோட்டைச் செய்தார். 2008இல் செய்தது அணுகுண்டு வெடித்து எழும் புகைக்குடை. அது 26 டன் எடை, கிட்டத்தட்ட 11 மீட்டர் உயரம், முழுக்கப் பாத்திரங்கள். தேசிய நவீன கலைக்கூடத்துக்காக எஃகில் ஓர் ஆலமரமும் செய்திருக்கிறார்.

நம் கேள்வியை இங்கே போட்டுப் பாருங்கள். அந்தப் புகைக்குடையை வெண்கலத்தில் வார்த்திருந்தால்? போருக்கு எதிரான நூற்றோடு நூற்றொன்று சிலைகளில் ஒன்றாகப் போயிருக்கும். தட்டும் டம்ளரும் தூக்கும் டிபன் கேரியருமாக இருப்பதால்தான், மேலே எழும்புவது அடுப்படிகள் என்று வயிற்றில் உறைக்கிறது. பார்க்கிற நம் முகமும் அந்தப் பளபளப்பில் துண்டுதுண்டாகத் தெரியும்.

உங்கள் லாஃப்டுக்கு வருகிறேன். நம் வீட்டுப் பாத்திரங்களில் மற்ற ஊர்க்காரர்கள் பார்த்து வியக்கும் ஒன்று இருக்கிறது: பெயர் வெட்டியிருப்பது. கடையில் வாங்கும்போதே சிறு மெஷினை வைத்துப் புள்ளிபுள்ளியாகப் பெயர், இனிஷியல், தேதி, சில சமயம் "காதுகுத்து விழா அன்பளிப்பு" என்றுகூட வெட்டித் தருவார்கள். தேய்த்துத் தேய்த்துப் பாதி அழிந்த பெயர்கள் எத்தனை! ஒவ்வொரு பாத்திரத்தின் பெயரையும் ஒரே தூரத்தில், ஒரே வெளிச்சத்தில், ஒரே பின்னணியில் போட்டோ எடுத்து வரிசையாக வைத்தால் அது ஒரு குடும்ப வரலாறு.

இந்த முறைக்கு முன்னோடிகள் உண்டு. ஜெர்மனியின் பெர்ன்ட், ஹில்லா பெக்கர் தம்பதி 1959 முதல் தண்ணீர்த் தொட்டிகள், உலைக்கோபுரங்கள் என்று தொழிற்சாலைக் கட்டடங்களை மேகமூட்டமான வானத்தின் கீழ் ஒரே கோணத்தில் எடுத்து, கட்டம் கட்டமாக அடுக்கினார்கள். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் சாதாரணம். சேர்த்துப் பார்க்கும்போது ஒன்றுக்கொன்று உள்ள சின்ன வித்தியாசம் பேச ஆரம்பிக்கும். எவர்சில்வரைப் படம் எடுப்பதில் பெரிய தொல்லை கண்ணாடி மாதிரிப் பிரதிபலிப்பது. தில்லியின் ஜனவரி மூடுபனி அதற்கு வரம்: வெளிச்சம் நாலா பக்கமும் சமமாகப் பரவியிருக்கும். மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியை விரித்து அதன் மேல் பாத்திரத்தை வையுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியைத் தூக்கிப் பிடித்தால் வெட்டிய புள்ளிகள் மட்டும் இருட்டாக எழுந்து நிற்கும்.

பொட்டு வைத்துச் செய்த யானை என்கிறார்களே?

கலைஞர் பாரதி கேர் 2006இல் செய்தது. ஃபைபர்கிளாஸில் நிஜ அளவு யானை, தரையில் சாய்ந்து கிடக்கிறது. அதன் தோல் முழுக்க ஸ்டிக்கர் பொட்டு. எழுந்துகொள்ளப் போகிறதா, உயிர் போய்க்கொண்டிருக்கிறதா என்று சொல்ல முடியாது. பெயின்ட் அடித்திருந்தால் அது பொம்மை யானை. ஒவ்வொன்றாக ஒட்டிய பொட்டு என்பதால் அதற்குப் பின்னால் இருக்கும் கைகளின் உழைப்பு தெரிகிறது.

புகைப்படம் என்றால் ஃபிரேம் போட்டு மாட்டுவதுதானே? அதில் என்ன புதுமை?

தயானிதா சிங்கின் வேலை முழுவதும் இந்தக் கேள்வியைத்தான் சுற்றிவருகிறது. தில்லியில் 1961இல் பிறந்தவர், 2022இல் புகைப்படத்துக்கான ஹாசல்பிளாட் விருது பெற்றவர். படத்தை ஒருமுறை மாட்டினால் அது அப்படியே உறைந்துவிடுகிறது என்பது அவருடைய மனக்குறை. அதனால் மடிக்கவும் திறக்கவும் கூடிய மரத் தட்டிகளைச் செய்து, அதில் படங்களைச் செருகி, வேண்டும்போது வரிசையை மாற்றுகிறார். அந்தத் தட்டிகளையே மியூசியம் என்று அழைக்கிறார். 2008இல் விசிறி மடிப்பாக நீளும் ஏழு சின்னப் புத்தகங்களை ஒரு துணிப்பெட்டியில் போட்டு வெளியிட்டார். பிரித்து அலமாரி மேல் நிறுத்தினால் அதுவே கண்காட்சி. வாங்கியவர் வீடு ஆர்ட் கேலரி ஆகிவிடுகிறது.

எங்கள் குழுவில் பெரியவர்களுக்கு மிகவும் பிடித்தது அவருடைய ஃபைல் ரூம் தொகுப்பு. அலுவலக ஆவணக் காப்பகங்களில் துணி மூட்டைகளாகக் கட்டிக் கூரை வரை அடுக்கிய காகிதங்களின் கறுப்பு வெள்ளைப் படங்கள். செக்ரெட்டேரியட்டில் காலமெல்லாம் ஃபைல் பார்த்தவர்கள் அந்தப் படங்களின் முன் நின்றால் அவ்வளவு சுலபத்தில் நகர்வதில்லை.

பழைய ஆல்பம் பெட்டி நிறைய இருக்கிறது. அதை வைத்து ஏதாவது செய்யலாமா?

செய்யலாம், செய்ய வேண்டும். இதற்குக் கலைஞர் விவான் சுந்தரத்தை (1943–2023) அறிமுகப்படுத்துகிறேன். இந்தியாவின் இரண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த கே.வி.கே. சுந்தரத்தின் மகன். அம்மா வழியில் ஓவியர் அம்ரிதா ஷெர்கில்லின் தங்கை மகன். தாத்தா உம்ராவ் சிங் ஷெர்கில் தன்னையும் குடும்பத்தையும் சளைக்காமல் படம் எடுத்துத் தள்ளியவர். விவான் 2001–02இல் அந்தப் பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றோடொன்று கலந்தார். வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு ஊர்களில் எடுத்தவர்கள் ஒரே அறையில் வந்து நிற்கிறார்கள். நடக்காத சந்திப்பு, ஆனால் அந்தக் குடும்பத்துக்குள் உண்மையில் இருந்த பாசமும் இறுக்கமும் அதில் தெரிகிறது. புதிதாக நடிகர்களை வைத்துப் படம் எடுத்திருந்தால் இது வந்திருக்காது. தாத்தா சொடுக்கிய அதே படமாக இருப்பதுதான் அதன் பலம்.

செய்ய விரும்புகிறவர்களுக்கு: அசலைத் தொடாதீர்கள். 600 டிபிஐ நுணுக்கத்தில் ஸ்கேன் செய்து நகலில் வேலை செய்யுங்கள். ஆல்பத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று சொல்லத் தெரிந்த பெரியவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்னால் மெல்லிய பென்சிலால் எழுதிவையுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும். தில்லிக்கு முதலில் வந்த தலைமுறை வேகமாகக் குறைந்துவருகிறது. இந்த வேலையை அடுத்த லீவுக்குத் தள்ளாதீர்கள்.

கையால் எழுதிய கடைப் பலகைகள் போய்க்கொண்டே இருக்கின்றன. அதைப் பற்றி யாராவது ஏதாவது செய்கிறார்களா?

ஹனீஃப் குரேஷி செய்தார். ஸ்டார்ட் இந்தியாவை உருவாக்கியவர்களில் ஒருவர், 2024இல் சின்ன வயதிலேயே காலமானார். தெருவில் பலகை எழுதும் பெயின்டர்களைத் தேடிப்போய், அவரவர் பாணியில் எழுத்துகளை எழுதவைத்து, அதைக் கம்ப்யூட்டர் எழுத்துருவாக மாற்றினார். எழுத்துருவுக்கு அந்தந்தப் பெயின்டரின் பெயரையே வைத்தார். பழைய தில்லியின் பெயின்டர் கஃபீல் அப்படிப் பெயர் பெற்றவர். வெறுமனே பலகையைப் போட்டோ எடுத்து வைத்திருந்தால் அது நினைவுச்சின்னம். எழுத்துருவானதால் அந்தக் கை இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது.

தமிழில் இந்த அளவுக்கு யாராவது இறங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தட்டைத் தூரிகையின் ஒரே இழுப்பில் 'ழ'வின் வாலையும் 'ண'வின் சுழியையும் போடுகிற கைகள் ஊரில் இன்னும் இருக்கின்றன. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் டிசைன் மாணவர்கள் ஒரு பெயின்டரிடம் உட்கார்ந்து, உரிய கூலி கொடுத்து, 12 உயிரும் 18 மெய்யும் எழுதி வாங்கி வந்தால் அதுவே பெரிய தொடக்கம்.

தெருவில் மனிதர்களைப் படம் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். இதைவிட நல்ல வழியையும் ஒருவர் காட்டியிருக்கிறார். தில்லியில் வசிக்கும் புகைப்படக் கலைஞர் கௌரி கில் 2015 முதல் மகாராஷ்டிரத்தின் ஜவ்ஹார் பகுதியில், திருவிழாவுக்குக் காகிதக்கூழ் முகமூடி செய்யும் பழங்குடிக் கலைஞர்களோடு சேர்ந்து வேலை செய்கிறார். வழக்கமாகத் தெய்வங்களின் முகம் செய்பவர்கள், இந்தத் திட்டத்துக்காக அன்றாட வாழ்வின் முகங்களைச் செய்தார்கள். மனிதர்கள், மிருகங்கள், வீட்டுச் சாமான்கள்கூட. அதை அணிந்துகொண்டு கடையிலும் வீட்டிலும் வழக்கமான வேலையில் இருக்கும்போது படம் எடுக்கப்பட்டது. படத்தில் இருப்பவரே தன் முகம் எப்படித் தெரிய வேண்டும் என்று முடிவு செய்கிறார். கேமரா பிடித்திருப்பவரின் அதிகாரம் அங்கே பாதியாகிறது.

நல்ல கேமரா வேண்டுமா?

வேண்டாம். கையில் இருக்கும் போன் போதும். கிரிட் கோடுகளை ஆன் செய்துகொள்ளுங்கள்.

ஏஐயிடம் சொன்னால் ஒரு நிமிஷத்தில் படம் தருகிறதே, இனி இதெல்லாம் எதற்கு?

அதே கேள்வியைக் கேளுங்கள். மாற்றினால் ஏதாவது போகுமா? உங்கள் பாட்டியின் பெயர் வெட்டிய சொம்புக்குப் பதிலாக ஏஐ தந்த சொம்பை வைத்தால் அந்த வரிசையே பொய்யாகிவிடும். மாறாக, அழகான சூரிய அஸ்தமனம் மட்டும்தான் தேவை என்றால் அதுவே வரைந்து தரட்டும். விவான் சுந்தரமும் கம்ப்யூட்டரில்தான் செய்தார். கருவி எதுவானாலும், உள்ளே போடுவது யாருடையது என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

"பொண்ணு டிசைன் படிக்கணும்கறா. பயமா இருக்கு. என்ன சொல்றது?"

படிக்கட்டும். என்ஐடிக்கு (தேசிய வடிவமைப்புக் கல்வி நிறுவனம்) தனி நுழைவுத் தேர்வு, பிரிலிம்ஸ், மெயின்ஸ் என இரண்டு கட்டம். ஐஐடிகளின் பி.டெஸ் (டிசைன் இளநிலைப் பட்டம்) படிப்புக்கு யுசீட் என்ற தேர்வு. தில்லி ஐஐடியிலும் பி.டெஸ் இருக்கிறது. ஓவியம், சிற்பம்தான் பிடிக்கும் என்றால் திலக் மார்க்கில் இருக்கும் காலேஜ் ஆஃப் ஆர்ட்டையும், ஜாமியா மில்லியாவின் நுண்கலைத் துறையையும் விசாரியுங்கள். கோச்சிங் வகுப்பு சொல்லித்தரும் பளபளப்பான படங்களைவிட, ஒரே யோசனையை ஒரு வருஷம் விடாமல் பின்தொடர்ந்த நோட்டுப்புத்தகம் அவளுக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும். பால்கனி நிழல் எழுத்தையே தொடங்கச் சொல்லுங்கள்.

எந்த மாதம் வரலாம்? எந்தக் கிழமை?

நிழல் சுவருக்காக என்றால் பிப்ரவரி, மார்ச். நவம்பரில் வெயில் நல்ல கோணத்தில் விழும், ஆனால் காற்று மோசமாக இருக்கும். ஆஸ்துமா இருப்பவர்கள் தவிர்க்கலாம். மே, ஜூனில் சுவர்களை விட்டுவிட்டு உள்ளே போங்கள்: இந்தியா கேட் பக்கம் ஜெய்ப்பூர் ஹவுஸில் இருக்கும் தேசிய நவீன கலைக்கூடம், சாகேத்தின் கிரண் நாடார் அருங்காட்சியகம், மண்டி ஹவுஸ் பக்கத்துத் திரிவேணி கலா சங்கம். அம்ரிதா ஷெர்கில்லின் ஓவியங்கள் அதிகம் இருப்பது தேசிய நவீன கலைக்கூடத்தில்தான், விவானின் படங்களைப் பற்றிப் பேசிவிட்டு அங்கே போனால் இரண்டும் சேர்ந்து புரியும். கலைக்கூடத்துக்கும் கிரண் நாடாருக்கும் திங்கட்கிழமை விடுமுறை.